கற்குவியலிடம் கேட்ட தண்ணீர்

கடலைப் பார்த்துக்கொண்டே தாகத்தில் தவிப்பது கரையோர ஊர்கள் பலவற்றுக்கு வாய்த்த விதி. கருங்கடல் ஓரத்தில், கிரிமியா தீபகற்பத்தில் இருக்கும் பியோதோசியா அப்படிப்பட்ட ஊர். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் வந்து குடியேறிய பழம் பட்டணம் அது. கடலை வரைந்தே புகழ் பெற்ற ஐவஸோவ்ஸ்கி என்ற ஓவியர் பிறந்து வாழ்ந்ததும் அங்கேதான். ஊரார் படும் பாட்டைப் பொறுக்காமல், தம் பண்ணையிலிருந்த ஊற்று நீரை ஊருக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டார் அவர். 1888-ல் அதற்காக ஒரு நீரூற்று மண்டபமும் எழுந்தது. வாழ்நாளெல்லாம் உப்புத் தண்ணீரை வரைந்த மனிதர் ஊருக்குக் கொடுத்தது நல்ல தண்ணீர்!

நான் சொல்ல வந்தது அவர் கதையல்ல. அதே ஊரில் வன அதிகாரியாக இருந்த ஸிபோல்டு என்பவரின் கதை. 1900-ஆம் ஆண்டு வாக்கில், மலைச் சரிவுகளில் பெரிய பெரிய கற்குவியல்கள் அவர் கண்ணில் பட்டன. மொத்தம் பதின்மூன்று. அருகே பழைய சுட்ட மண் குழாய்களின் துண்டுகளும் கிடந்தன. ஸிபோல்டு இரண்டையும் முடிச்சுப் போட்டார். பூர்வீகக் கிரேக்கர்கள் காற்றிலிருந்து தண்ணீர் இறக்கியிருக்கிறார்கள். ஈரக்காற்று குவியலுக்குள் புகுந்து, குளிர்ந்த கற்களின் மேல் துளித் துளியாகப் படிந்து, குழாய் வழியே ஊருக்குப் போயிருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஒரு குவியல் நாளொன்றுக்கு 55,000 லிட்டருக்கு மேல் கொடுத்திருக்கும் என்றும் கணக்குப் போட்டார்.

இவ்வளவுதான் என்றால் இதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களும் என்னைப் போல் கதை எழுதுகிறவர்களும் தினமும் செய்கிற காரியம் இது. ஸிபோல்டு அதோடு நிற்கவில்லை. தேபே-ஓபா என்ற மலையின் மேல், கடல் மட்டத்திலிருந்து 288 மீட்டர் உயரத்தில், தாமே ஒரு குவியலைக் கட்டத் தொடங்கினார். இருபது மீட்டர் அகலத்தில் கிண்ணம் போன்ற தளம். அதன் மேல் ஆறு மீட்டர் உயரத்துக்கு, கடற்கரையிலிருந்து ஏற்றிய உருண்டைக் கற்கள். 1912-ல் வேலை முடிந்தது. தண்ணீரும் வந்தது! நாளொன்றுக்கு 360 லிட்டர் வரை கிடைத்ததாகச் சொல்கிறார்கள். மூடுபனியும் அதில் கலந்திருக்கலாம். ஆனால் தளம் விரிசல் கண்டு ஒழுகியது. 1915-ல் முயற்சி கைவிடப்பட்டது.

பின்னால் வந்த தொல்பொருள் ஆராய்ச்சி அந்தப் பழைய குவியல்கள் என்னவென்று சொல்லிவிட்டது. அவை சமாதிகள். இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது நம் வழக்கம். இவரோ சமாதிகளிடம் உயிரோடிருப்பவர்களுக்காகத் தண்ணீர் கேட்டிருக்கிறார்.

ஆனாலும் அந்த ஆசை இவரோடு போய்விடவில்லை. க்னாபென் என்ற பெல்ஜிய இன்ஜினீயர் பிரான்ஸின் தெற்கே, திரான்ஸ்-ஆன்-புரோவான்ஸ் என்ற ஊரில் 1930-ல் தொடங்கி 1931-ல் ஒரு காற்றுக் கிணறு கட்டி முடித்தார். பதினான்கு மீட்டர் உயரம். மூன்று மீட்டர் கனத்தில் சுவர். கோட்டை மாதிரி இன்றும் நிற்கிறது. அது கொடுத்த தண்ணீர், நல்ல ராத்திரியில், ஒரு வாளி!

ஏன் இப்படி? குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அப்படிப் படியும் நீர் சும்மா படிவதில்லை. தன்னிடமிருந்த உஷ்ணத்தைச் செம்பிடம் கொடுத்துவிட்டுத்தான் நீராகிறது. ஒரு லிட்டர் நீர் படிந்தால் வெளிப்படும் உஷ்ணத்தைக் கொண்டு, உறைநிலையிலுள்ள ஐந்து லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடலாம். அந்த உஷ்ணத்தை வாங்கிக்கொண்ட கல் சூடேறிவிடுகிறது; அப்புறம் நீர் படிவது எப்படி? கனத்த கல்லும் சுவரும் பகல் சூட்டையே விடியும் வரை விடுவதில்லை. அதிகாலையில் புல் நனைந்திருக்க, பக்கத்திலுள்ள பாறை காய்ந்து கிடப்பதைப் பாருங்கள். புல் இலேசானது, வானத்தைப் பார்த்துச் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது.

இது தெரிந்த பிறகு கோட்டைகள் வேண்டியிருக்கவில்லை. குஜராத்தின் கட்ச் பகுதியில் கொத்தாரா என்ற ஊரில், 2001-ல், பயிருக்காகப் போட்ட பிளாஸ்டிக் கூடாரத்தின் மேல் பனி வழிவதைக் கவனித்தார்கள். அதைக் கொண்டு மெல்லிய தகடுகளைச் சரிவாக அமைத்துப் பனிநீர் சேகரித்தார்கள். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர்கூட ஓர் இரவில் தேறாது. ஆனால் தேறியது குடிக்க உதவும். மின்சாரத்தால் காற்றைக் குளிரவைத்து நீர் பிழிகிற யந்திரங்களும் இன்று விற்கின்றன. வீட்டு ஏ.சி. குழாயில் சொட்டும் நீரும் அந்த ஜாதிதான். அந்த உஷ்ணக் கணக்கை மட்டும் எந்த யந்திரமும் தள்ளுபடி செய்ய முடியாது. மின்சாரக் கட்டணமாக அதை நாம் கட்டியாக வேண்டும்.

ஸிபோல்டைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. சமாதியைத் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்தது பிழைதான். ஆனால் நினைத்ததைப் புத்தகத்தில் மட்டும் எழுதி வைத்திருந்தால் அது 55,000 லிட்டராகவே இருந்திருக்கும். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். கல் சுமந்து கட்டிப் பார்த்ததால்தான் அது 360 ஆயிற்று. அந்த 360-ஐ வைத்துக்கொண்டுதான் பின்னால் வந்தவர்கள் பனியைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்கள். அவர் கட்டிய கிண்ணத்தை 1993-ல் மண்ணுக்கடியிலிருந்து மறுபடி கண்டெடுத்துத் துப்புரவு செய்திருக்கிறார்கள். தண்ணீர் வராத அந்தத் தொட்டியை அளந்து பார்க்க, பனியை ஆராய்கிற விஞ்ஞானிகள் மலையேறிப் போயிருக்கிறார்கள்.