கணிப்பொறிக்குப் பூட்டு வந்த கதை

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பீரோவில் இருந்த பட்டா, சான்றிதழ் எல்லாம் நனைந்து கூழாயின. அதே மாதம் அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, இழந்த ஆவணங்களுக்கு நகல் வழங்க ஏற்பாடு செய்தது.

நகல் கிடைக்க இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். ஒன்று, மூலத்தின் பதிவு வெள்ளம் தொடாத வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். மற்றொன்று, கேட்பவர் தாம் இன்னார் என்று மெய்ப்பிக்க வேண்டும். இன்று கடைக்கணக்கு, கல்லூரி மதிப்பெண், நிறுவனங்களின் வலைத்தளம் ஆகியவை ‘மேகக் கணிமை’ என்னும் வாடகைக் கணிப்பொறிகளில் வைக்கப்படுகின்றன. அங்கும் நம் உடைமையைக் காப்பவை இவ்விரண்டுதாம். கணிப்பொறி உலகம் இப்பாடத்தை எவ்வாறு கற்றது என்பதைக் காண்போம்.

அட்டைக்கட்டின் காலம்

நம் தென்சென்னையில் உள்ள ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370/155 என்னும் பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. அக்காலத்தில் நிரலைத் துளையிட்ட அட்டைகளாகக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டும். இவ்வகை இயந்திரங்களில் ஒவ்வொரு கட்டுக்கும் முதலில் ஓர் அட்டை உண்டு. வேலை யாருடையது, செலவை யார் பெயரில் எழுதுவது, எத்தனை நேரம் ஓடலாம் என்பவற்றை அது கூறும். விலையுயர்ந்த ஒரே இயந்திரத்தைப் பலர் பயன்படுத்தும்போது, யார் எவ்வளவு செலவிட்டார் என்று குறித்து வைக்காமல் முடியுமா? இன்று நாம் ‘பயனர் கணக்கு’ என்று கூறுவதன் வேர் இங்கேதான் உள்ளது.

அட்டைகளைக் கையில் கொடுக்கும்போது ஆளை நேரில் பார்க்கலாம். தொலைவில் ஒரு விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவர் யார் என்று இயந்திரம் எவ்வாறு அறியும்?

கடவுச்சொல்லின் பிறப்பு

இக்கேள்வி அமெரிக்காவில் முன்னரே எழுந்துவிட்டது. அங்குள்ள எம்.ஐ.டி. கழகத்தில் 1961 நவம்பரில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவர் ‘நேரப் பகிர்வு’ முறையைச் செய்து காட்டினார். சதுரங்க வல்லுநர் ஒருவர் இருபது பலகைகளில் சுற்றிச் சுற்றி ஆடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். எதிரில் இருப்பவர் யோசிக்கும் நேரத்தில் அவர் மற்றப் பலகைகளைக் கவனித்துவிடுவார். கணிப்பொறியும் அவ்வாறே, ஒருவர் விசையை அழுத்தும் இடைவெளியில் பிறருடைய வேலையைச் செய்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் உண்டு. ஒதுக்கப்பட்ட நேரமும் உண்டு. அவற்றைக் காக்க ஆளுக்கொரு கடவுச்சொல் தரப்பட்டது.

மறு ஆண்டே பூட்டு உடைந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்திற்கு நான்கு மணி நேரமே ஒதுக்கியிருந்தார்கள். அது போதவில்லை. கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடும்படி ஒரு துளை அட்டை மூலம் ஆணையிட்டார். பட்டியல் முழுவதும் அச்சாகி வந்தது! அவர் திருடியது பணத்தையன்று, பிறருடைய கணிப்பொறி நேரத்தை. இன்றும் மேகக் கணக்குகளைக் கைப்பற்றும் திருடர்கள் அதில் மறைநாணயக் கணக்கீடுகளை ஓட்டுகிறார்கள். கட்டணச் சீட்டு உரிமையாளருக்கு வருகிறது.

1966இல் நிகழ்ந்தது இன்னும் வேடிக்கை. நிரலில் இருந்த ஒரு பிழையால், உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொல் பட்டியலே காட்சி தந்தது. சாவிகளை எல்லாம் ஒரே கொத்தாக வைத்ததன் விளைவு இது.

இதற்குத் தீர்வு கண்டவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரோஜர் நீடம். அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது. அதுபோலக் கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கீட்டில் ‘அரைத்து’, கிடைத்த மாவை மட்டும் சேமித்தால் போதும். நீங்கள் சொல்லும் சொல்லை இயந்திரம் மீண்டும் அரைத்து ஒப்பிடும். பட்டியல் திருடு போனாலும் சாவி நேராகக் கிடைக்காது.

எனினும் மனிதர் மாறவில்லை. ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் 3,289 கடவுச்சொற்களைச் சோதித்தனர். அவற்றுள் 2,831, அதாவது 86 விழுக்காடு, மிகச் சிறியவை அல்லது அகராதியிலும் பெயர்ப்பட்டியலிலும் கிடைப்பவை!

மேகம் தரையில்தான்

2006 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் தன் கணிப்பொறிகளை மணிக்கு 10 அமெரிக்க சென்ட் என்று வாடகைக்கு விட முன்வந்தது. பழைய நேரப் பகிர்வே புது வடிவில் திரும்பியது. மொட்டைமாடித் தொட்டி நிறைந்த பின்னும் மோட்டாரை நிறுத்த மறந்தால் மின்கட்டணம் ஏறுவதுபோல, வேலை முடிந்த வாடகைக் கணிப்பொறியை நிறுத்தாவிடில் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

பெயர் மேகம் என்றாலும் அது வானத்தில் இல்லை. சென்னையில் சிறுசேரி, அம்பத்தூர் போன்ற இடங்களில் உள்ள தரவு மையங்களில், குளிரூட்டிய கூடங்களில், சாதாரணக் கணிப்பொறிகளாகவே அது இயங்குகிறது. ஆகவே நீரும் நெருப்பும் அதையும் தொடும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்டிராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தது. வலைத்தளத்தையும் அதன் நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுள் சிலர் இரண்டையும் இழந்தனர்.

வேறிடம் மட்டும் போதுமா? 2014 ஜூனில் ‘கோட் ஸ்பேசஸ்’ என்ற நிறுவனத்தின் மேகக் கணக்கிற்குள் ஒருவர் புகுந்து பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் கணக்கை மீட்க முயன்றபோது, அவர் தரவுகளையும் நகல்களையும் அழித்துவிட்டார். எல்லாம் ஒரே கணக்கின் கீழ், ஒரே சாவியில் இருந்தன. அத்துடன் அந்நிறுவனம் தொழிலையே நிறுத்தியது.

நாம் செய்ய வேண்டியவை

வரலாறு தரும் விதிகள் எளியவை. எல்லோருக்கும் ஒரே சாவியைக் கொடுக்காதீர்கள். ஆளுக்கொரு கணக்கும், அவருடைய வேலைக்குத் தேவையான அதிகாரமும் மட்டும் போதும். தலைமைக் கணக்கை அன்றாடம் பயன்படுத்த வேண்டாம். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். அதனுடன் கைப்பேசி உறுதிமொழி போன்ற இரண்டாம் சான்றையும் சேருங்கள். பணியை விட்டுச் சென்றவரின் கணக்கை அன்றே மூடுங்கள். செலவு ஓர் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை வருமாறு அமையுங்கள்.

அனைத்திற்கும் மேலாக, ஒரு நகல் வேறிடத்திலும் வேறு சாவியிலும் இருக்கட்டும். அது மீள்கிறதா என்று எப்போதாவது சோதித்தும் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பக்கூடாது. அச்சோதனையை மழைக்காலம் தொடங்கும் முன்பே செய்துவிடுவது நல்லது.