கட்டளையின் வீச்சு: கிளவுட் காலத்தில் நிறுவனக் கணினி நிர்வாகம்

முன்னுரை

பெரிய நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கென்று அமெரிக்காவின் யூசெனிக்ஸ் சங்கம் 1987இல் லீசா என்ற மாநாட்டைத் தொடங்கியது. முப்பதாண்டுகளுக்கு மேல் சிஸ்டம் அட்மின்கள் கூடித் தொழில் பேசிய அந்த மாநாடு 2021ஆம் ஆண்டுக் கூட்டத்தோடு நின்றுபோனது. அதே சங்கம் 2014இல் தொடங்கிய எஸ்ஆர்இகான் மாநாடு தொடர்கிறது. எஸ்ஆர்இ என்பது கூகுளில் உருவான ‘சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்’ என்ற பணிப்பிரிவின் சுருக்கம். ஒரு தொழில் தன் பெயரையே மாற்றிக்கொள்ளும்போது, அதற்குள் எது மாறியது, எது மாறவில்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. முதலாவதை நிக்கலஸ் கார் 2008இல் எழுதிய ‘தி பிக் ஸ்விட்ச்’ நூல் பரப்பியது. ஒருகாலத்தில் ஆலைகள் சொந்தமாக மின்சாரம் தயாரித்தன. பிறகு பொது மின்கட்டமைப்பில் இணைந்துகொண்டன. கணினித் திறனும் அப்படியே ஆகும் என்பது அவர் வாதம். அதன்படி பார்த்தால் நிர்வாகி என்பவர் தேவையற்றுப் போக வேண்டும். இரண்டாவது விடை, கருவி மாறினாலும் வேலை பழையதுதான் என்கிறது. இக்கட்டுரை இரண்டையும் ஏற்கவில்லை. கிளவுட் வந்தபின் குறைந்தது இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் வேலை. கூடியது ஒரு கட்டளையின் வீச்சு. அந்த வீச்சுக்கு எல்லை கட்டுவதே இன்றைய நிர்வாகியின் முதற்பணி என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

1. தாமதம் என்னும் தடுப்பு

சர்வர் அறை இருந்த காலத்தில் ஒரு நடுத்தர நிறுவனத்துக்குப் புதிய சர்வர் வேண்டுமென்றால், கொட்டேஷன் வாங்கி, மேலாளரிடம் கையெழுத்துப் பெற்று, பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு, பெட்டி வந்திறங்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு ரேக்கில் ஏற்றி, கேபிள் இழுத்து, இயங்குதளம் நிறுவ வேண்டும். அழிப்பதற்கும் இதே இழுபறிதான். டேப்பில் எடுத்து இரும்பு அலமாரியில் பூட்டிய பேக்கப்பை எந்தக் கட்டளையாலும் அழிக்க முடியாது. சாவி வைத்திருப்பவர் எழுந்து போய்த் திறந்தாக வேண்டும்.

இந்தத் தாமதத்தை யாரும் பாதுகாப்புக்கென்று திட்டமிடவில்லை. எல்லோரும் சலித்துக்கொண்ட தொல்லை அது. ஆனாலும் அது தடுப்பாக வேலை செய்தது. கைத்தவறு பெரும்பாலும் ஒரு பெட்டியோடு, மிஞ்சினால் ஓர் அறையோடு நின்றது.

அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 சேமிப்புச் சேவையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஈசி2 என்ற வாடகைக் கணினிச் சேவையையும் வெளியிட்டது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2011 செப்டம்பரில் தந்த வரையறை, கிளவுட் எனப்படும் மேகக் கணிமைக்கு ஐந்து அடிப்படை இயல்புகளைச் சொல்கிறது. சேவை தருபவர் தரப்பில் எந்த மனிதரையும் அணுகாமல் பயனர் தாமே வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவற்றில் முதலாவது. பழைய தாமதத்தைத் துடைத்தெறிந்த வாசகம் இதுவே. மின்சார உவமை பொய்க்கும் இடமும் இதுதான். மின்இணைப்போடு நமக்குக் கிடைப்பது ஒரு சுவிட்ச். கிளவுட் சந்தாவோடு கைக்கு வருவதோ நம் கட்டடம் முழுமைக்குமான சாவிக்கொத்து. எழுப்பவும் இடிக்கவும் அதே சாவிதான்.

2. வீச்சின் மூன்று திசைகள்

கட்டளையின் வீச்சு இடம், காலம், ஆள் என்ற மூன்று திசைகளில் பெருகியிருக்கிறது.

இடத்துக்குச் சான்று 2017 பிப்ரவரி 28. அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் எஸ்3 பில்லிங் அமைப்பு மந்தமாக இருந்ததை ஆராய்ந்த குழுவில் ஒருவர், வகுக்கப்பட்ட நடைமுறைப்படியே சில சர்வர்களை விலக்கக் கட்டளையிட்டார். அவருக்கு அதற்கான அதிகாரம் உண்டு. தட்டச்சில் ஓர் உள்ளீடு பிழையானது. நினைத்ததைவிட மிகுதியான சர்வர்கள் விலகின. எஸ்3இன் அட்டவணை அமைப்பே சாய்ந்தது. ஏறத்தாழ நான்கு மணிநேரம் எண்ணற்ற இணையச் சேவைகள் தடுமாறின. சேவைகளின் நலத்தைக் காட்டும் அமேசானின் சொந்தப் பலகையும் எஸ்3ஐ நம்பியிருந்ததால், தொடக்கத்தில் அதைக்கூடத் திருத்த முடியவில்லை.

காலத்துக்குச் சான்று 2024 மே. ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்துக்காகக் கூகுள் கிளவுட் அமைத்திருந்த தனியார் கிளவுட் ஒன்று திடீரென்று அழிந்தது. அதை நிறுவியபோது கூகுளின் உள்கருவி ஒன்றில் ஒரு புலம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. வெறுமையைக் கருவி ‘ஓராண்டுத் தவணை’ என்று எடுத்துக்கொண்டது. ஆண்டு முடிந்ததும் அழித்துவிட்டது. வாடிக்கையாளர் கேட்டு நடந்த அழிப்பு அல்ல என்பதால் முன்னறிவிப்பும் போகவில்லை. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரமளவு தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். வேறு இடத்தில் தனியே வைத்திருந்த பேக்கப்புகள் கைகொடுத்தன. பிழை செய்த கைக்கும் அதன் விளைவுக்கும் இடையே ஓராண்டு இடைவெளி. அந்த நேரத்தில் எவரும் எந்தக் கட்டளையும் இடவில்லை.

மூன்றாவது திசை ஆள். சர்வர் அறையில் சுவரும் பூட்டும் இருந்தன. கிளவுடில் சுவர் என்பது யாருக்கு எதைச் செய்ய அனுமதி என்று எழுதிவைத்த விதிதான். கேப்பிட்டல் ஒன் வங்கியில் 2019இல் நடந்த ஊடுருவலில், தவறாக அமைக்கப்பட்ட ஃபயர்வால் வழியே நுழைந்தவர், அந்த ஃபயர்வாலுக்கு வழங்கப்பட்டிருந்த அனுமதியைக் கைப்பற்றிச் சேமிப்புக் கிடங்குகளைத் திறந்தார். காவலாளிக்குக் கருவூலச் சாவியும் கொடுத்திருந்த கதை. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. கட்டுப்பாட்டாளர் விதித்த அபராதம் 8 கோடி டாலர். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதைவிடக் கொடிது. அதன் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் புகுந்தவர் இயந்திரங்களோடு பேக்கப்புகளையும் சேர்த்து அழித்தார். சுமார் 12 மணிநேரத்துக்குள் முடிந்த அந்த அழிப்போடு நிறுவனமும் மூடப்பட்டது. அலமாரிச் சாவியும் அறைச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கியதன் விலை அது.

3. பேக்கப் என்ற நம்பிக்கை

வீச்சு பெருகினாலும் மீட்க வழி இருந்தால் போதுமே என்று கேட்கலாம். மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தின் அனுபவத்தை இந்த இடத்தில் உற்றுப் பார்க்க வேண்டும்.

2017 ஜனவரி 31 இரவு. பழுதான துணைத் தரவுத்தளத்தைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், அதன் தரவு ஃபோல்டரைக் காலிசெய்துவிட்டு நகலெடுப்பை முதலிலிருந்து தொடங்க நினைத்தார். அழிக்கும் கட்டளையை இட்டது துணை சர்வரில் என்று எண்ணியிருந்தார். அது முதன்மை சர்வர். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தினார். ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியிருந்தது.

இந்தக் கைத்தவறு தொழிலின் வயதளவு பழையது. புதியது அதன்பின் வந்தது. அன்றாட பேக்கப்பைத் தேடியபோது சேமிப்புக் கிடங்கு காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் நிரலோ 9.2. அதனால் ஒவ்வொரு முறையும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்கள், முறையான கையொப்பம் இல்லாததால் பெறும் முனையிலேயே திருப்பப்பட்டன. கிளவுட் தரும் டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதியும் தரவுத்தள சர்வர்களுக்கு இயக்கப்பட்டிருக்கவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணிநேரத்துக்கு முன் கையால் எடுத்த நகல்தான் காப்பாற்றியது.

டேப் காலத்திலும் பேக்கப் பொய்த்ததுண்டு. ஆனால் டேப்பை எடுத்து லேபிள் ஒட்டி அலமாரியில் வைக்கும் கைக்கு, இன்று டேப் வரவில்லை என்றால் உடனே தெரியும். இப்போது பேக்கப் என்பது அமைப்புப் பக்கத்தில் ஒரு ‘டிக்’ குறி. அதை எடுத்து மீட்டுப் பார்க்காத வரையில் அது நம்பிக்கை மட்டுமே.

4. தானியக்கம் என்ற மறுமொழி

கட்டமைப்பை நிரலாக எழுதும் முறை இதற்கெல்லாம் தீர்வு என்று சொல்லப்படுகிறது. 2014இல் வந்த டெராஃபார்ம் போன்ற கருவிகள், எது உருவாகும், எது அழியும் என்று முன்கூட்டியே காட்டுகின்றன. சக ஊழியர் படித்து ஒப்பிய பிறகே மாற்றம் நடக்கும்படி வைக்கலாம். இது பெரிய முன்னேற்றம்தான். டிஸ்க் மாற்றுவது, யு.பி.எஸ். பார்ப்பது போன்ற பணிகளைக் கிளவுட் நிறுவனங்கள் பெரும்பாலான சிறு நிறுவனங்களைவிட நன்றாகச் செய்கின்றன என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இல் ‘தானியக்கத்தின் முரண்கள்’ என்ற பொருளில் எழுதிய கட்டுரையின் எச்சரிக்கை இங்கும் பொருந்தும். எளிய வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டால், மனிதருக்கு மிஞ்சுவது இயந்திரம் கைவிட்ட கடினமான தருணங்கள். அவற்றைக் கையாளும் திறனோ அன்றாடப் பழக்கம் விட்டுப்போனதால் மழுங்கியிருக்கும். எஸ்3 விபத்தில் மீட்பு நீண்டதற்கு ஒரு காரணம், அந்த அட்டவணை அமைப்பைப் பல ஆண்டுகளாக முழுமையாக மறுதொடக்கம் செய்ததே இல்லை என்பது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. ஒன்றரை மணிநேரத்துக்குள் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகள் பலவற்றின் முன் ஓர் ஆள் நின்று, சேஃப் மோடில் திறந்து, கோப்பை நீக்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்று கழித்துக்கட்டிய பழைய கைத்திறன் அன்று தேவைப்பட்டது.

5. பணியை எப்படி அமைப்பது

இந்த வாதம் சரியென்றால், ஒரு நிர்வாகிக்கு எத்தனை சர்வர் என்ற கணக்கு பயனற்றது. ஒரு கணக்குப்பெயரால், ஒரே கட்டளையில், அதிகபட்சம் எவ்வளவு அழிக்க முடியும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இயங்கும் அமைப்பை அழிக்கக்கூடியவருக்கு பேக்கப்பை அழிக்கும் அனுமதி இருக்கக் கூடாது. அழிப்புக் கட்டளை சில நாள் காத்திருந்து நிறைவேற வேண்டும். மீட்பு ஒத்திகையும் மாதச் சம்பளப் பட்டியல்போலத் தவறாமல் நடக்க வேண்டும்.

சட்டமும் இத்திசையில் நகர்கிறது. இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த உத்தரவு, இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளைத் தெரியவந்த 6 மணிநேரத்துக்குள் அறிவிக்கவும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் கோருகிறது. யார், எப்போது, என்ன கட்டளையிட்டார் என்ற ஏட்டைப் பொறுப்போடு காப்பவராகவும் நிர்வாகி ஆகிவிட்டார்.

முடிவுரை

பழைய சர்வர் அறையில் தாமதம் தானாக வாய்த்தது. இன்று அதை யோசித்து, எந்த இடத்தில் எவ்வளவு என்று அளந்து உருவாக்க வேண்டும்; அதுதான் பெயர் மாறிய இத்தொழிலின் மாறிய உள்ளடக்கம். 2017 விபத்துக்குப் பின் அமேசான் செய்த திருத்தம் இதை உறுதிசெய்கிறது. அந்தக் கருவி இனி சர்வர்களை மெதுவாகவே விலக்கும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும் கட்டளையை ஏற்காது என்று மாற்றினார்கள். உலகுக்கு வேகத்தை விற்ற நிறுவனம், தன் கருவிக்கு நிதானத்தைக் கற்றுக்கொடுத்தது.