இரு இயக்குநர்கள் போட்டியிட்ட ஓவியர்: 'கிப்லி' முகங்களை வரைந்த யோஷிஃபுமி கோண்டோ

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் உருவாக்கிய 'கிப்லி பாணி' படங்கள் 2025 மார்ச் மாதம் இந்திய சமூக ஊடகங்களில் பரவியபோது, அந்தப் பாணியுடன் சேர்த்துப் பேசப்பட்ட பெயர் பெரும்பாலும் ஹயாவோ மியாசாகி. எனினும், ஜப்பானின் ஸ்டுடியோ கிப்லி தயாரித்த முக்கியமான சில திரைப்படங்களில் மனித முகங்களுக்கு வடிவம் கொடுத்தவர் யோஷிஃபுமி கோண்டோ. அந்நிறுவனத்தின் அடுத்த தலைமுறை இயக்குநராகக் கருதப்பட்ட அவர், ஒரே ஒரு திரைப்படத்தை இயக்கிய நிலையில் 47 வயதில் காலமானார்.

நீகாட்டா மாகாணத்தின் கோசென் நகரில் 1950 மார்ச் 31-ஆம் தேதி பிறந்த கோண்டோ, பள்ளிப் படிப்பை முடித்து டோக்கியோ சென்று, 1968-இல் 'ஏ புரொடக்ஷன்' என்ற அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தார். 'லூபின் தி தேர்டு' தொடர், 'பாண்டா! கோ பாண்டா!' ஆகியவற்றில் பணியாற்றியபோது இசாவோ தகஹாதா, மியாசாகி ஆகியோருடன் ஏற்பட்ட தொடர்பு இறுதிவரை நீடித்தது.

கனடா எழுத்தாளர் எல்.எம். மாண்ட்கோமரியின் நாவலைத் தழுவி தகஹாதா இயக்கிய 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' தொடர் (1979) அவருக்குத் திருப்புமுனையாக அமைந்தது. 50 அத்தியாயங்கள் கொண்ட அத்தொடரில் கதாபாத்திர வடிவமைப்பாளர், அனிமேஷன் இயக்குநர் ஆகிய இரு பொறுப்புகளும் கோண்டோவிடம் ஒப்படைக்கப்பட்டன. பலர் வரைந்த ஓவியங்களைத் திருத்தி, ஒரு கதாபாத்திரத்தின் முகமும் உடல்மொழியும் படம் முழுவதும் மாறாமல் பார்த்துக்கொள்வதே அனிமேஷன் இயக்குநரின் பணி. ஆன் என்ற சிறுமிக்கு அவர் வழக்கமான அழகு முகத்தைத் தரவில்லை. மெலிந்த உடல், அகன்ற நெற்றி, முகத்தில் புள்ளிகள் எனத் தொடங்கும் அவளது தோற்றம், வயது கூடக்கூட மெல்ல மாறி அழகு பெறுகிறது.

கோண்டோ 1987-இல் கிப்லியில் இணைந்தபோது, அங்கு இரு திரைப்படங்கள் ஒரே நேரத்தில் தயாராகிக்கொண்டிருந்தன. தகஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்', மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' ஆகிய இரண்டுக்கும் கோண்டோவே வேண்டும் என்று இருவரும் வற்புறுத்தினர். மியாசாகி தாமே வரையக்கூடியவர். தகஹாதாவோ ஓவியர் அல்லர். அதைக் கருத்தில் கொண்டு, கோண்டோவை தகஹாதாவின் படத்துக்கு அனுப்பும் முடிவுக்குத் தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி வந்தார்.

அந்த முடிவின் பலனைத் திரையில் காணலாம். 1945-இல் குண்டுவீச்சுக்கு உள்ளான கோபே நகரில், தாயை இழந்த சிறுவன் செய்தாவும் அவனது நான்கு வயது தங்கை செத்சுகோவும் பசியால் நலிவதே கதை. குழந்தையின் நடை, அழுகை, நாளுக்கு நாள் வற்றும் உடல் என எதுவும் மிகையாகிவிடக் கூடாத படம் அது. இரு திரைப்படங்களும் 1988 ஏப்ரல் 16-ஆம் தேதி ஒரே காட்சியாக இணைத்துத் திரையிடப்பட்டன. கால நெருக்கடியால், தகஹாதாவின் படத்தில் சில பகுதிகள் வண்ணம் தீட்டி முடிக்கப்படாமலேயே வெளியாயின.

'ஒன்லி யெஸ்டர்டே' (1991) படத்தில் சவால் வேறு விதமானது. நடிகர்களின் குரலை முன்கூட்டியே பதிவுசெய்து, அதற்கேற்ப முகபாவங்களை வரையுமாறு தகஹாதா பணித்தார். இதனால் 27 வயது நாயகி தாயேகோ சிரிக்கும்போது கன்னத்தில் விழும் கோடுகளையும் வரைய வேண்டியிருந்தது. அனிமேஷனில் இளம்பெண்ணின் முகத்துக்கு ஓவியர்கள் பொதுவாகத் தவிர்க்கும் கோடுகள் அவை. இன்றும் சில பார்வையாளர்கள் அவற்றை விரும்புவதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நிஜமாக்குபவை அவையே.

'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' உள்ளிட்ட படங்களிலும் பங்காற்றிய கோண்டோ, 45-ஆவது வயதில் இயக்குநரானார். அவோய் ஹீராகியின் மாங்கா கதையை அடிப்படையாகக் கொண்ட 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' 1995 ஜூலையில் வெளியாகி, அந்த ஆண்டு ஜப்பானில் அதிகம் வசூலித்த ஜப்பானியத் திரைப்படமானது. திரைக்கதையையும் காட்சிப் பலகையையும் மியாசாகி எழுதியிருந்தாலும், புத்தகப் பிரியையான பள்ளி மாணவி ஷிசுகுவின் தயக்கங்களில் கோண்டோவின் கை தெரிகிறது.

அதன்பின் 'பிரின்சஸ் மோனோனோகே' (1997) படத்தின் அனிமேஷன் இயக்குநர்களுள் ஒருவராகப் பணியாற்றினார். அப்படம் வெளியான ஆறு மாதங்களில், 1998 ஜனவரி 21-ஆம் தேதி, பெருந்தமனிச் சிதைவால் உயிரிழந்தார். பணிச்சுமையே அதற்குக் காரணம் என்ற பேச்சு ஜப்பானிய அனிமேஷன் துறையில் இன்றும் தொடர்கிறது.

தெருவில் கண்ட மனிதர்களை வரைந்து வைப்பது அவரது வழக்கம். தாயின் கையைப் பற்றி நடக்கும் குழந்தைகள், பள்ளி மாணவர்கள், முதியவர்கள் என அன்றாட வாழ்வைப் பதிவுசெய்த அந்த ஓவியங்கள் அவர் மறைந்த ஆண்டிலேயே நூலாக வெளியாயின. சொந்த மாகாணமான நீகாட்டாவில் 2014-இல் அவரது படைப்புகளின் கண்காட்சி நடைபெற்றது. 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' 2020 முதல் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் இந்தியப் பார்வையாளர்களுக்கும் கிடைத்து வருகிறது.