பரட்டை என்று சொல்லாதீர்கள்

சுருட்டை முடியைப் ‘பரட்டை’ என்று கேலி செய்வது எங்கள் சுருளிப்பட்டியில் இன்றும் உண்டு. அதற்குப் பயந்தே சில பிள்ளைகள் பார்லருக்குப் போய் மருந்து வைத்து முடியை நீட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் இது ஒரு பெரிய வரலாறு.

அங்கே 1865-இல் அடிமை முறை ஒழிந்த பிறகும் கறுப்பின மக்களின் சுருள் முடிக்கு மதிப்பில்லை. வேலைக்காகவும் மரியாதைக்காகவும் சோடா காரம் கலந்த களிம்பைப் பூசி நீட்டினார்கள். தலைத்தோல் வெந்தவர்களும் உண்டு. 1960-களில் ‘கறுப்பே அழகு’ என்ற முழக்கம் எழுந்ததும் பலர் களிம்பைக் கைவிட்டார்கள். 1970-இல் கைதாகி 1972-இல் விடுதலையான ஏஞ்சலா டேவிஸை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடை விரித்தாற்போன்ற முடிதான் அவருக்கு அடையாளம்.

பழையபடி திரும்புவது சுலபமில்லை. மருந்து முடிக்குள் உள்ள கந்தகப் பிணைப்புகளை உடைத்துவிடுகிறது. நீட்டிய முடி மறுபடி சுருளாது. வேரிலிருந்து புதிதாக வளர வேண்டும். மாதம் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஓரடிக்கு இரண்டரை வருஷம். அதுவரை வேரில் சுருளும் நுனியில் நீட்டமுமாக இருக்கும். சேரும் இடத்தில் முறியும். என் பேத்தி இப்போது அந்த நடுக்கட்டத்தில் இருக்கிறாள்.

முடியைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டது 2019-இல்தான். நம் வீட்டுக்குச் சட்டம் வேண்டாம். பெரியவர்கள் நாம் வாயை அடக்கினாலே போதும்.