டம்டம் தட்டில் ஒரு ஜாஸ் பியானோ

ஊரில் வீட்டுப் பரணில் பழைய எச்.எம்.வி. தட்டுகள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பலவற்றின் லேபிளில் டம்டம் என்று போட்டிருக்கும். கொல்கத்தாவில் வேலை பார்க்கும் நமக்கெல்லாம் டம்டம் என்றால் ஊருக்குப் போகிற விமானம்தான் ஞாபகம் வரும். எனக்கு அங்கே அச்சான ஜாஸ் தட்டுகள். அதிலும் டெடி வெதர்ஃபோர்டின் பியானோ என்றால் ஒரு பைத்தியம்.

கறுப்பின அமெரிக்கர். 1926-ல் சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழுவில் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து ரெக்கார்டு கொடுத்தவர். அதே வருடம் ஆசியாவுக்குக் கப்பலேறிவிட்டார். ஷாங்காய், பம்பாய் தாஜ், கடைசியில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டல். சிகாகோவில் அவருக்குச் சமமாகப் பேசப்பட்ட ஏர்ல் ஹைன்ஸ் அமெரிக்காவிலேயே இருந்து பெரும் புகழ் பெற்றார். வெளியூர் மாற்றல் வாங்கியவனை ஹெட் ஆபீஸ் மறந்துபோகிற கதைதான்!

1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டிங்கை நிறுத்தி வைத்தது. தட்டு செய்யத் தேவையான அரக்குக்கும் அங்கே போர்க்காலத் தட்டுப்பாடு. அரக்கு விளைவதோ சோட்டா நாக்பூர் காடுகளில், கல்கத்தாவுக்குப் பக்கம். அந்த வருடங்களில்தான் வெதர்ஃபோர்ட் இங்கே கொலம்பியா லேபிளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், அவ்வளவுதான். துள்ளலான வாசிப்பு. ஆனால் கேட்கும்போதெல்லாம் 1943 நினைவுக்கு வந்துவிடுகிறது. கிராண்டுக்குள் பட்டாளத்துக்காரர்கள் ஆடிக்கொண்டிருக்க, வெளியே நகரத்து நடைபாதைகளில் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் அந்தச் சத்தம் எதுவும் கேட்காது.

1945 ஏப்ரலில் காலரா கண்டு இதே ஊரில் இறந்தார். 41 வயது. என்னைவிடச் சின்னவர்.