உயரத்தில் ஒரு வாட்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் ட்ரோன் வீடியோ டிரான்ஸ்மிட்டர்களின் பாதுகாப்பு

ட்ரோனிலிருந்து நேரலைப் படம் அனுப்பும் வீடியோ டிரான்ஸ்மிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தாம் எழுகின்றன: எத்தனை வாட், எத்தனை கிலோமீட்டர்? விடை கிடைத்ததும் கருவி வாங்கப்பட்டு, ட்ரோனின் முதுகில் பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டப்படுகிறது. அதிக ஆற்றல் கொண்ட டிரான்ஸ்மிட்டர் முதன்முதலில் ஊறு செய்வது தன்னைச் சுமந்து பறக்கும் ட்ரோனுக்கே என்பதும், ஆகவே அதைத் தனிக் கருவியாக மேசையில் வைத்துச் சோதித்துப் பாதுகாப்பானது என்று சான்றளிப்பது போதாது என்பதும் இக்கட்டுரையின் வாதம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் ஆளில்லா வானூர்திகளுக்கான பொதுச் சோதனை மையம் அமைக்க 2024 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. தமிழ்நாடு அரசின் டிட்கோ முன்னின்று நடத்தும் இத்திட்டத்தில் கேரள அரசின் கெல்ட்ரான் தலைமையிலான கூட்டமைப்பு பொறுப்பேற்றது. பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தின்கீழ் செலவில் 75 விழுக்காடு வரை மத்திய அரசின் மானியம் உண்டு. அம்மையம் எதைச் சோதிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதற்கு இந்த வாதம் உதவலாம்.

இடத்தின் தன்மையை முதலில் கருத வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை, 2006இல் தொடங்கி 2014இல் மூடிய நோக்கியா, அதன்பின் வளர்ந்த கைப்பேசித் தொழிற்சாலைகள், ஒரகடத்தில் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு என நீளும் இந்தப் பகுதி மக்கள் நெருக்கமும் வானலை நெருக்கமும் ஒருசேரக் கொண்டது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு மட்டுமே 18,720 பேர் தங்கக் கட்டப்பட்டது. நவீன ஆலைக்குள் கிடங்கு ஸ்கேனர்களும் ஓட்டுநரில்லா வண்டிகளும் பெரும்பாலும் உரிமம் தேவைப்படாத 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டைகளிலேயே பேசிக்கொள்கின்றன. ட்ரோன் வீடியோவும் அதே பட்டைகளில்தான் வருகிறது. இப்பட்டைகளைப் பயன்படுத்துவோர் பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, பிறரிடமிருந்து பாதுகாப்பும் கோர முடியாது என்பது விதி.

அந்த விதிகள் எழுதப்பட்டபோது பறக்கும் ஆன்டெனா யாருடைய மனத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. 2.4 முதல் 2.4835 ஜிகாஹெர்ட்ஸ் வரையான பட்டையை உரிமத்திலிருந்து விடுவித்த 2005ஆம் ஆண்டு விதிகள் மூன்று வரம்புகளை வைத்தன: டிரான்ஸ்மிட்டர் வெளியீடு 1 வாட், பயனுறு கதிர்வீச்சு ஆற்றல் 4 வாட், ஆன்டெனாவின் உயரம் அனுமதி பெற்ற கட்டடத்தின் மொட்டைமாடிக்கு மேல் 5 மீட்டருக்குள். மூன்றாவது வரம்புதான் என் வாதத்துக்கு முக்கியமானது. தரையிலிருந்து 15 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவின் வானொலித் தொடுவானம் சுமார் 16 கிலோமீட்டர். அதே ஆன்டெனா ட்ரோனில் ஏறி 120 மீட்டருக்குப் போனால், அதாவது முன் அனுமதியின்றிப் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்தில் அனுமதிக்கப்பட்ட 400 அடிக்குப் போனால், தொடுவானம் 45 கிலோமீட்டராக விரிகிறது. பரப்பில் சொன்னால் 800 சதுர கிலோமீட்டர் 6,400 ஆகிறது. வாட் ஒன்றுகூட ஏறவில்லை. எட்டு மடங்கு நிலத்தை அந்த அலை இப்போது நேர்ப்பார்வையில் காண்கிறது. 2018 அக்டோபரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் விடுவிக்கப்பட்டபோதும் எண்ணத்தில் இருந்தது வைஃபைதான்.

உயரம் என்பது ஆற்றலுக்கு மாற்று என்பதை அமெரிக்கர்கள் வெகு முன்பே கண்டுகொண்டனர். 1961 முதல் 1968 வரை இண்டியானா மாநிலத்தின் மான்ட்பீலியர் ஊருக்கு மேலே, 23,000 அடி உயரத்தில் டிசி-6 விமானங்கள் வட்டமிட்டபடி 72, 76 ஆகிய சானல்களில் பள்ளிப் பாடங்களை ஒளிபரப்பின. ஆறு மாநிலங்களின் பள்ளிகளுக்கு அது எட்டியது. கூடுதல் சானல்களைக் கேட்டபோது ஒழுங்குமுறை ஆணையம் மறுத்தது. வானில் ஒரு டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு சானலைக் கொடுப்பது, கீழே பரந்த நிலப்பரப்பில் அந்தச் சானலை மற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வதுமாகும். இன்று நம் கையகல ட்ரோன்களுக்கும் இதே கணக்குதான், அளவு சிறியது என்பதைத் தவிர.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் விமான நிலைய எல்லையிலிருந்து 12 கிலோமீட்டர் வரை, பறக்க அனுமதி பெற வேண்டிய மஞ்சள் மண்டலத்தைக் குறுக்கின. முன்பு அது 45 கிலோமீட்டராக இருந்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கு இது பெரிய விடுதலை. இங்குள்ள தொழிலுக்கு அது தேவையும்கூட. ஆனால் இந்த 12 கிலோமீட்டர் ட்ரோனின் உடலுக்கான வரம்பு. 120 மீட்டர் உயரத்தில் இருந்து கிளம்பும் அலையின் பார்வைக்குள் மீனம்பாக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம், அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி மூன்றுமே அடங்குகின்றன. சந்தையில் கிடைக்கும் 1.2 ஜிகாஹெர்ட்ஸ் வீடியோ டிரான்ஸ்மிட்டர்கள் சிலவற்றில் முதல் சானலே 1080 மெகாஹெர்ட்ஸ். அனலாக் வீடியோ இருபுறமும் பத்து மெகாஹெர்ட்ஸ் அளவுக்குப் பரவும். பயணிகள் விமானங்கள் தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தரைக்குச் சொல்லும் அலை 1090 மெகாஹெர்ட்ஸ். கருவியின் சானல் ஸ்விட்சை முதல் சானலில் வைப்பவருக்குத் தான் எதைத் தொடுகிறோம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கருவியின் மீது அப்படி எதுவும் எழுதியிருப்பதுமில்லை. இந்தப் பட்டை இந்தியாவில் உரிமம் விலக்கப்பட்டதன்று. உரிமம் பெற்ற அமெச்சூர்களுக்குக்கூட 1260 முதல் 1300 வரைதான். அமெரிக்காவில் இதுபோன்ற டிரான்ஸ்மிட்டர்களை விற்றதற்காக ஹாபிகிங் நிறுவனத்துக்கு 2018இல் முன்மொழியப்பட்டு 2020இல் உறுதியான அபராதம் 28 லட்சம் டாலருக்கு மேல்.

5.8 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்பார்கள். பெருமளவுக்குத் தீர்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரேஸ்பேண்ட் எனப்படும் எட்டுச் சானல் தொகுதியில் ஏழாவது 5880, எட்டாவது 5917 மெகாஹெர்ட்ஸ். நம் நாட்டு விலக்கு 5875இல் முடிகிறது. 5.9 ஜிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டம் பல நாடுகளில் வாகனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு ஒதுக்கப்பட்டது. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமான ஜிஏஆர்சி இருக்கிறது, அதில் மின்காந்த ஒவ்வுமைச் சோதனைக்கூடமும் இருக்கிறது. வாகனப் பரிசோதனை நடக்கும் ஊரின் வானில் எட்டாவது சானலில் ஒரு வாட் பறப்பது எவ்விதத்திலும் சிறு விஷயமில்லை.

இனி என் மைய வாதத்துக்கு வருகிறேன். பூமியை வந்தடையும் ஜி.பி.எஸ். சிக்னலின் அளவு சுமார் மைனஸ் 128 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல் அளவு). ஒரு வாட் என்பது பிளஸ் 30 டிபிஎம். 1280 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனாவுக்கும் ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் இருந்தால், அவ்வளவு குறுகிய தூரத்தில் அலை இழப்பது 20 டெசிபல் அளவுதான். ஆக, செயற்கைக்கோளின் சிக்னலைவிடக் கிட்டத்தட்ட அறுபது லட்சம் கோடி மடங்கு வலுவான அலை பக்கத்திலிருந்து அந்த ரிசீவரின் வாசலில் வந்து நிற்கிறது. திருவிழாக் கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று ரகசியம் கேட்பதற்கு ஒப்பான நிலை. அலைவரிசை வேறு என்பதால் ஃபில்டர் பெரும்பகுதியைத் தடுக்கும், உண்மை. ஆனால் முதல்நிலை பெருக்கி திணறத் தொடங்கினால் ஃபில்டருக்குப் பின்னால் வருவது எதுவும் நம்பத்தக்கதாக இராது. போதாக்குறைக்கு, 1.2 ஜிகாஹெர்ட்ஸின் இரண்டாம் ஒத்திசை 2.4 ஜிகாஹெர்ட்ஸில், ரிமோட் கன்ட்ரோல் ரிசீவரின் மேலேயே விழுகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வீடியோவுக்கும் இங்கே தனி எச்சரிக்கை தேவை. நம் நாட்டின் செயற்கைக்கோள் வழிகாட்டியான நாவிக் அமைப்பின் எஸ் பட்டை 2483.5 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. உரிம விலக்குப் பட்டை முடிவதும் அதே புள்ளியில்.

இதில் ஒளிந்திருக்கும் முரண்பாட்டை ட்ரோன் இயக்குவோர் உணர வேண்டும். படம் அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஆற்றலைக் கூட்டுகிறார்கள். இணைப்பு அறுந்தால் ட்ரோன் புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும் என்பது கடைசிப் பாதுகாப்பு. அந்தத் திரும்புதல் ஜி.பி.எஸ்.ஸை நம்பியிருக்கிறது. கூட்டிய ஆற்றல் நலிவுறச் செய்வது அதே ஜி.பி.எஸ்.ஸைத்தான். ஆபத்து நேரத்துக்கென வைத்த காப்பை ஆபத்தைத் தவிர்க்கப் பொருத்திய கருவியே அரித்துவிடுகிறது. தனித்தனியே சோதித்தால் டிரான்ஸ்மிட்டரும் தேறும், ரிசீவரும் தேறும். ஒரே சட்டகத்தில் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் அவற்றைப் பொருத்திய கையைத்தான் யாரும் சோதிப்பதில்லை.

பொருத்துவதில் எவ்வளவு கவனம் தேவை என்பதற்கு ஒரு நுட்பத்தைச் சொல்கிறேன். டைபோல் ஆன்டெனா தன் அச்சின் இரு முனைத் திசைகளிலும் மிகக் குறைவாகவே கதிர்வீசும். வீடியோ ஆன்டெனாவை ட்ரோனின் அடியில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, ஜி.பி.எஸ்.ஸை அதற்கு நேர் மேலே கம்பத்தில் வைத்தால், அந்த மங்கல் திசையில் ஜி.பி.எஸ். அமைகிறது. செலவு ஏதுமில்லை. ஆனால் வேறு வகையில் இதற்கு ஒரு விலை உண்டு: ட்ரோன் தலைக்கு நேர் மேலே வரும்போது கீழே நிற்பவருக்கும் படம் மங்கும். அதை அறிந்து பறப்பவருக்கு அது பொருட்டே அல்ல. இடைவெளியை 10 சென்டிமீட்டரிலிருந்து 20க்கு நகர்த்தினால் 6 டெசிபல் கிடைக்கும். 1 வாட்டை 250 மில்லிவாட்டாகக் குறைத்தாலும் அதே 6 டெசிபல்தான்.

மனித உடலுக்கு என்ன ஆகும் என்ற அச்சம் தவறான இடத்தில் வைக்கப்படுகிறது. 2 வாட் டிரான்ஸ்மிட்டருடன் டைபோல் ஆன்டெனா என்று கொள்வோம். கைப்பேசிக் கோபுரங்களுக்கு இந்தியா 2012 முதல் கடைப்பிடிக்கும் சதுர மீட்டருக்கு 1 வாட் என்ற வரம்பு ஏறத்தாழ அரை மீட்டர் தூரத்தில் எட்டப்படுகிறது. அதைவிடப் பத்து மடங்கு தளர்ந்த சர்வதேச வரம்பு 16 சென்டிமீட்டரில். வானில் 100 மீட்டருக்கு அப்பால் பறக்கும் கருவியால் கீழே நிற்பவருக்கு இவ்வகையில் கெடுதல் இல்லை. வேலை மேசையில்தான் கெடுதல். சால்டரிங் இரும்பைக் கையில் பிடித்துக் குனிந்திருக்கும் தொழில்நுட்பரின் முகம் அந்த அரை மீட்டருக்குள்தான் இருக்கிறது, பெரும்பாலும் ஒரு சாணுக்குள். எனவே மேசையில் எப்போதும் மிகக் குறைந்த ஆற்றலில் மட்டுமே இயக்க வேண்டும். முழு ஆற்றல் வேண்டுமென்றால் ஆன்டெனாவின் இடத்தில், அலையை வெளிவிடாமல் ஆற்றலை உறிஞ்சும் டம்மி லோடு. ஆன்டெனா மாட்டாமல் பேட்டரி கொடுக்கவே கூடாது. போக வழியின்றித் திரும்பும் ஆற்றல் வெளியீட்டு டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். வெப்பமும் அப்படியே. உள்வாங்கும் மின்னாற்றலின் பெரும்பகுதி சூடாகவே வெளியேறுகிறது. இறக்கைகள் சுழலும்போது வீசும் காற்று அதைத் தணிக்கும். அக்னி நட்சத்திர நாளில், ஒரகடத்துத் தகர ஷெட்டின் கீழே, இறக்கை சுழலாமல் பத்து நிமிடம் ‘ரெடி’யாக வைத்திருப்பதுதான் அந்தக் கருவிக்கு மிகக் கடுமையான சோதனை.

அதிக ஆற்றலை ஆதரிப்போரின் கட்சியையும் கேட்க வேண்டும். தொழிற்சாலைக் கூரைகள் உலோகத் தகடுகளால் ஆனவை. அலை அவற்றில் பட்டுச் சிதறும். கட்டடங்களுக்குப் பின்னால் மறைவு விழும். அங்கே குறைந்த ஆற்றல் நம்மைக் கைவிடும் என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 500 மீட்டருக்கு அலை இழப்பு 102 டெசிபல். 25 மில்லிவாட்டை எளிய ஆன்டெனாக்களோடு அனுப்பினாலே மைனஸ் 84 டிபிஎம் கிடைக்கும். அனலாக் ரிசீவருக்கு அது போதுமானது. கண்பார்வைக்குள் பறப்பதுதானே இன்றைய வழக்கமான அனுமதி. மறைவிடங்களுக்காகக் கூடுதல் வலு வேண்டுமென்றால் 14 டிபிஐ பெருக்கம் கொண்ட பேனல் ஆன்டெனாவைத் தரையில் முக்காலியில் நிறுத்தலாம். எளிய ஆன்டெனாவைவிட அது கூடுதலாகத் தரும் 12 டெசிபல் ஆற்றலைப் பதினாறு மடங்கு கூட்டியதற்குச் சமம். வானில் ஒரு மில்லிவாட்கூட ஏறவில்லை, ஜி.பி.எஸ்.ஸுக்குத் தொல்லையுமில்லை. வானில் வாட்டைக் கூட்டுவது சோம்பேறித்தனமான தீர்வு என்றே நான் கருதுகிறேன்.

2022 பிப்ரவரி முதல் முழு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. ஆகவே இங்குள்ள பட்டறைகளில் ட்ரோன் உள்ளூரில் கூட்டப்படுகிறது, அதன் டிரான்ஸ்மிட்டர் வெளியிலிருந்து வரக்கூடும். வந்த பாகத்துக்கு வகை ஒப்புதல் இருக்கலாம். கூட்டிய பிறகு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சோதிக்கும் இடமாக வல்லம் வடகால் மையம் இருக்க வேண்டும். நான் முன்மொழிவது எளிய ஒரு சோதனை. முழுதாகக் கூட்டிய ட்ரோனை எதிரொலியற்ற அறையில் நிறுத்தி, செயற்கையாக உண்டாக்கிய செயற்கைக்கோள் சிக்னலைக் கொடுத்து, வீடியோ அணைந்திருக்கும்போது ஜி.பி.எஸ். ரிசீவர் காட்டும் சிக்னல்–இரைச்சல் அளவைக் குறிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சானலிலும், ஒவ்வொரு ஆற்றல் நிலையிலும் வீடியோவை இயக்கி அதே அளவை மீண்டும் குறிக்க வேண்டும். ரிமோட் இணைப்பின் வலுவுக்கும் அப்படியே. விலக்குப் பட்டைக்கு வெளியே விழும் சானல்கள் மென்பொருளிலேயே பூட்டப்பட்டுள்ளனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஒரகடத்தின் ஜிஏஆர்சியும் தரமணியில் உள்ள மத்திய அரசின் சமீர் ஆய்வு மையமும் மின்காந்தச் சோதனையில் அனுபவம் உள்ளவை. அவற்றின் துணை எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

இந்தச் சோதனை முடிவுகளின் அட்டவணை சான்றிதழின் இணைப்பாக அலமாரியில் உறங்காமல் தமிழிலும் அச்சிடப்பட்டு ட்ரோன் பெட்டிக்குள் வைக்கப்பட வேண்டும். எந்தச் சானலில் எத்தனை மில்லிவாட் வரை போகலாம், அதற்கு மேல் போனால் தானே திரும்பும் வசதியை நம்பலாமா என்ற இரண்டு தகவல்கள் அதில் பெரிய எழுத்தில் இருந்தால் போதும். இத்தகைய சோதனை அறை வசதி இல்லாத சிறு பட்டறைகள் திறந்த வெளியில், இறக்கைகளைக் கழற்றிவிட்டு, மின்விசிறிக் காற்றில் வைத்து, வீடியோவை அணைத்தும் இயக்கியும் செயற்கைக்கோள் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்ப்பதை இன்றே தொடங்கலாம். முழு ஆற்றலில் இயக்கும்போது மட்டும் சில எட்டுகள் தள்ளி நிற்க வேண்டும்.