பரதைரொயிட்டுச் சுரப்பிகளின் வரலாறு

வளர்ந்த மனிதன் ஒருவனுடைய உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கல்சியம் உண்டு. அதில் 100க்கு 99 பங்கு என்பிலும் பல்லிலும் உறைந்து கிடக்கின்றது. எஞ்சிய சிறு பங்கே குருதியிலும் இழையங்களிலும் உலாவி, நரம்பின் உணர்ச்சியையும் தசையின் அசைவையும் இதயத்தின் துடிப்பையும் ஆளுகின்றது. 100 மில்லிலீற்றர் குருதிநீரில் 9 முதல் 10 மில்லிகிராம் வரையில் இருக்கவேண்டிய இக்கல்சியம் மிகக் குறைந்தால் தசைகள் தாமே விறைத்து முறுகும். நெடுங்காலம் மிகுந்திருப்பின் உடல் சோரும், சிறுநீரகத்திற் கல்லும் விளையும். இந்த அளவைக் காப்பவை, கழுத்திலே தைரொயிட்டுச் சுரப்பியின் பின்புறத்தில் ஒட்டிக் கிடக்கும் அரிசிமணி போன்ற நான்கு சிறு சுரப்பிகள். அவற்றின் தொழிலை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாறு, காரணத்தைக் காரியமென மயங்கிய வரலாறுமாகும்.

இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் 1834 முதல் வாழ்ந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்று 1849 இல் இறந்தது. உடற்கூற்றறிஞர் றிச்சாட் ஓவன் அதனை அறுத்து ஆராய்ந்தபோது, தைரொயிட்டை ஒட்டி மஞ்சள் நிறச் சிறு சுரப்பியொன்று இருத்தலைக் கண்டு குறித்தார். அத்துணைப் பெரிய விலங்கில் அத்துணைச் சிறிய உறுப்பு அவர் கண்ணுக்குத் தப்பாமை வியப்பே. ஆயினும் அதற்குப் பெயரிட்டவர், சுவீடன் நாட்டு உப்சாலாவில் மருத்துவம் பயின்ற ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்னும் மாணவர். 1877 இல் நாயின் கழுத்தில் அதனைக் கண்ட அவர், பூனை, எருது, குதிரை, முயல் என்பவற்றிலும், பின்னர் 50 மனித உடல்களிலும் தேடிக் கண்டு, 1880 இல் தம் ஆய்வை வெளியிட்டார். சுவீடிய மொழியில் வந்த அதனைப் பிற நாட்டார் பெரிதும் நோக்கிலர். அதன் பெறுமதி உணரப்படுமுன்னரே, 1889 இல், தம் 37 ஆம் வயதில் அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அக்காலத்தே வியன்னா நகரில், பில்ரோத்தின் சத்திர சிகிச்சைக் கூடத்தில், கழலை நோயாளர் சிலருக்குத் தைரொயிட்டு முழுவதும் அகற்றப்பட்டது. அவர்களுட் சிலர் கைகால் விறைத்து மாண்டனர். தைரொயிட்டை இழந்தமையே இதற்குக் காரணமெனப் பலர் கருதினர். 1891 இல் பிரான்சிய அறிஞர் கிளே, உடன் அகற்றப்பட்ட சிறு சுரப்பிகளின்பால் ஐயத்தைத் திருப்பினார். 1896 இல் இத்தாலியரான வசாலே, ஜெனரலி இருவரும் தைரொயிட்டைத் தொடாது அச்சிறு சுரப்பிகளை மட்டும் விலங்குகளினின்று நீக்கியபோது அதே விறைப்புத் தோன்றியது. 1909 இல் அமெரிக்காவில் மக்கல்லம், வோக்ட்லின் என்போர், அவ்வாறு விறைத்த நாய்களுக்குக் கல்சிய உப்பைச் செலுத்த அவை தேறின. சுரப்பிக்கும் கல்சியத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு தெளிவாயிற்று.

குருதியிற் கல்சியம் குறைந்தவுடன் இச்சுரப்பிகள் ஓமோன் ஒன்றைச் சுரக்கின்றன. அது என்பிலுள்ள கல்சியத்தை வெளிக்கொணரும், சிறுநீரோடு கல்சியம் கழியாமல் தடுக்கும், பொசுபேற்றைக் கழியவிடும், விற்றமின் டீயைச் சிறுநீரகத்திற் செயலுருவாக்கி, உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் கூடுதலாக உறிஞ்சச் செய்யும். கல்சியம் நிறைந்ததும் சுரப்பு அடங்கும். என்பு இங்கே வங்கிச் சேமிப்புப் போன்றது. சுரப்பி அளவு கடந்து சுரப்பின் அச்சேமிப்பே கரைந்துபோம்.

இப்பின்னைய உண்மையே நெடுநாள் மறைந்திருந்தது. என்பு மென்மையுற்று இறந்தோர் சிலரிடம் இச்சுரப்பிகள் பருத்திருத்தலை வியன்னாவின் எர்ட்ஹைம் 1907 இல் கண்டார். நோயை எதிர்க்கவே அவை பருத்தன என்பது அவர் முடிவு. அப்படியாயின், சுரப்பிச் சத்தைக் கொடுப்பதே மருந்தாகும்! 1915 இல் சிலாகன்ஹாவ்பர் என்பவர் மறுத்துரைத்தார். நோயின் விளைவாகப் பருப்பதெனில் நான்கும் பருக்கவேண்டுமன்றோ? ஒன்றுமட்டும் பருத்திருப்பின், அதுவே நோயின் மூலம். அதனை அகற்றுதலே தகும் என்றார். எளிய தருக்கமே, எனினும் பத்தாண்டு அது செயலுக்கு வரவில்லை.

வியன்னாவில் திராம் வண்டி நடத்துநர் ஒருவர் என்பு நொய்ந்து, தொடையெலும்பும் முறிந்து வருந்தினார். சத்திர வைத்தியர் பீலிக்ஸ் மாண்டல் எர்ட்ஹைமின் கொள்கைவழி நின்று, முதலிற் சுரப்பிச் சத்தைக் கொடுத்தார். இறந்த ஒருவரின் சுரப்பிகளையும் எடுத்து நோயாளியின் உடலிற் பதித்தார். எண்ணெய் வார்த்து நெருப்பணைக்க முயன்றது போலாயிற்று, குணமில்லை. அதன்பின்னரே, 1925 ஜூலையில், அவர் கழுத்தைத் திறந்து பருத்த சுரப்பியொன்றைக் கண்டு அகற்றினார். சிறுநீரிற் கழிந்த கல்சியம் குறைந்தது, நோவு தணிந்தது, படுத்திருந்தவர் ஊன்றுகோலுடன் நடந்தார். சில ஆண்டுகளின் பின் நோய் மீண்டபோது மறுமுறை செய்த சிகிச்சை பலிக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். ஆயினும் முதற் சிகிச்சையின் பேறு சிலாகன்ஹாவ்பரின் பக்கத்தை நிலைநாட்டியது.

எர்ட்ஹைம் முற்றிலும் பிழைத்தாரென்பதும் பொருந்தாது. விற்றமின் டீ குறைந்தவரிடத்தும் சிறுநீரகம் பழுதுற்றவரிடத்தும் கல்சியக் குறைவை ஈடுசெய்யவே நான்கு சுரப்பிகளும் பருக்கின்றன. அவர் கண்டது ஒருவகை நோய். மாண்டல் எதிர்ப்பட்டது வேறொருவகை. 1963 இல் பேர்சனும் றொசலின் யாலோவும் தம் குழுவினருடன், குருதியில் உள்ள நுண்ணளவான அவ்வோமோனை அளக்கும் முறையை வெளியிட்டனர். அதன்பின், கல்சியம் மிகுந்திருக்கும்போதும் ஓமோன் அடங்காதிருப்பின் சுரப்பியே நோயின் மூலமென்றும், கல்சியம் குறைந்து ஓமோன் உயர்ந்திருப்பின் சுரப்பி தன் கடமையைச் செய்கின்றதென்றும், கழுத்தைத் திறவாமலே வைத்தியர் பிரித்தறியலாயினர்.